சூட்டைத் தணித்த லோ-வோல்டேஜ்!

உடையார்பாளையத்தில் ஒரு மே மாதம். வருடம் 2016. கங்கைகொண்ட சோழபுரம் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போனவன், பெரியப்பா முறை வேண்டிய ஒரு பெரியவர் வீட்டில் மூன்று நாள் டேரா போட்டிருந்தேன். அரியலூர் மாவட்டத்து மே மாத வெயிலைப் பற்றி அனுபவித்தவர்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை. அனுபவிக்காதவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்!

சாயங்காலம் ஏழு மணி ஆனால் மின்விசிறியின் மூன்று இறக்கைகளையும் தனித்தனியாக எண்ணிவிடலாம். அவ்வளவு நிதானமாகச் சுற்றும். ''லோ வோல்டேஜ்ப்பா...'' என்பார் பெரியப்பா, வீட்டுக்கு வந்த பழைய விருந்தாளியை அறிமுகப்படுத்துகிற தொனியில்.

இதற்கு நேர்மாறாக இருந்தது என் லேப்டாப். அதற்கு வெளி வோல்டேஜ் பற்றிய கவலையே கிடையாது (சார்ஜருக்கு 100 வோல்ட் வந்தாலே போதும், சமாளித்துக்கொள்ளும்). அதன் உள்ளே இருந்த குட்டி விசிறி 'கொர்ர்ர்' என்று தெருமுனை வரை கேட்கும்படி அலறிக்கொண்டிருந்தது. பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, ''என்னப்பா, மடியில மாவு மில்லை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கே?'' என்றார்.

ராஜேந்திர சோழனின் படை கங்கைக் கரையை நெருங்கிக்கொண்டிருந்த கட்டத்தில் லேப்டாப் பட்டென்று அணைந்துபோனது. சூடு தாங்காமல் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டதாம். நான் எழுதிய மூன்று பக்கங்களைக் காப்பாற்ற அதற்குத் தோன்றவில்லை.

பெரியப்பாவின் பேரன் டிப்ளமோ முடித்திருந்த பையன். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசாங்க இலவச லேப்டாப் திட்டத்தில் ப்ளஸ் டூவில் கிடைத்த லேப்டாப்பைக் கழற்றிக் கழற்றியே தொழில் கற்றுக்கொண்டவன். பிற்பாடு யோசித்ததில், அந்தத் திட்டத்தால் இப்படி எத்தனை சர்வீஸ் கடைகள் உருவாயின என்று யாராவது கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

அவன் என் லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னான்: ''வோல்டேஜைக் கொறச்சுட்டா சரியாயிடும் சித்தப்பா.''

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ''டேய், இந்த ஊர்ல ஏற்கெனவே அது இல்லாமத்தானே எல்லாரும் அவஸ்தைப்படறீங்க?''

''அது வேற வோல்டேஜ். இது ப்ராசஸருக்குள்ள போற வோல்டேஜ். ஒரு வோல்ட்டுதான் போகும். அதையும் கொஞ்சம் கொறச்சு வெச்சா சூடும் கொறையும், சத்தமும் கொறையும். வேகம் மட்டும் கொறையாது.''

காசில்லாமல், ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல், வெறும் ஒரு எண்ணை மாற்றி! இந்த வித்தைக்குப் பெயர் 'அண்டர்வோல்ட்டிங்'. ஏதோ நேற்றுப் பையன்கள் கண்டுபிடித்த தந்திரம் என்று நினைத்தேன். துருவிப் பார்த்தால், கம்ப்யூட்டர் பிறந்த வீட்டிலேயே இது பிறந்திருக்கிறது.

1946. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம். 'எனியாக்' என்ற ராட்சஸக் கம்ப்யூட்டரை ஊருக்குக் காட்டுகிறார்கள். உள்ளே ஏறத்தாழ 18,000 வால்வுகள். (பழைய ரேடியோவைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், செக்கச்செவேலென்று எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழாய்கள்.) அது குடித்த மின்சாரம் சுமார் 150 கிலோவாட். அந்தச் சூட்டை வெளியே தள்ள ஊதுகுழாய்களும் விசிறிகளும் ஓடிக்கொண்டே இருந்தன. ஆக, விசிறிச் சத்தம் கம்ப்யூட்டரின் கூடப்பிறந்தது!

இதைக் கட்டும்போது பல நிபுணர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ''பதினெட்டாயிரம் வால்வில் நிமிஷத்துக்கு ஒன்று ஃப்யூஸ் ஆகும். இது ஓடவே ஓடாது!'' என்றார்கள். நியாயமான பயம்தான். ஆனால் தலைமை இன்ஜினீயர் ப்ரெஸ்பர் எக்கர்ட் ஒரு காரியம் செய்தார். வால்வு கம்பெனி 'இவ்வளவு வோல்ட் கொடுக்கலாம்' என்று சொன்ன அளவைவிடக் கணிசமாகக் குறைத்தே கொடுத்தார். வால்வுகள் நிதானமாக எரிந்தன, நீண்ட நாள் உழைத்தன. சராசரியாக இரண்டு நாளைக்கு ஒரு வால்வு என்ற அளவில்தான் பழுது வந்தது.

நம்மூர்க் கதையும் இருக்கிறது. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-ல் ஓடத் தொடங்கிய 'டிஃப்ராக்' கம்ப்யூட்டரில் 2,700 வால்வுகள் இருந்தன. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆர்.நரசிம்மன் நம்ம சென்னைக்காரர். கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர். அந்தக் காலக் கம்ப்யூட்டர் அறை என்றாலே குளுகுளு ஏ.ஸி-தான். மனிதர்களுக்காக அல்ல, மெஷினுக்காக. பிற்காலத்தில் நம் ஆபீஸ்களிலும் கம்ப்யூட்டர் வந்த அறைக்குத்தான் முதலில் ஏ.ஸி. வந்தது. மேனேஜர்களே அங்கே போய் 'கொஞ்சம் வேலை இருக்கு' என்று உட்கார்ந்துகொண்டதை என் வயசுக்காரர்கள் பார்த்திருக்கலாம்.

டிரான்சிஸ்டர் வந்தது, சிப் வந்தது, வால்வு போயிற்று. 1971-ல் இன்டெல்லின் முதல் மைக்ரோப்ராசஸர் 4004. அதில் 2,300 டிரான்சிஸ்டர்கள், சப்ளை 15 வோல்ட். பிறகு வந்த 8080-க்கு ப்ளஸ் 5, மைனஸ் 5, ப்ளஸ் 12 என்று மூன்றுவிதமான வோல்டேஜ் தேவைப்பட்டது. 1976-ல் வந்தது 8085. தமிழ்நாட்டில் பாலிடெக்னிக், இன்ஜினீயரிங் படித்த லட்சக்கணக்கானவர்கள் லேபில் இதோடு மல்லுக்கட்டியிருப்பார்கள். அந்தப் பெயரின் கடைசியில் உள்ள '5' எதற்கு என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? மூன்று சப்ளை தேவையில்லை, 5 வோல்ட் ஒன்றே போதும் என்பதற்குத்தான்! வோல்டேஜைக் குறைத்த பெருமையைப் பெயரிலேயே சுமந்த சிப் அது.

வோல்டேஜுக்கும் சூட்டுக்கும் என்ன உறவு? ஒரு டிரான்சிஸ்டரைச் சின்னச் சொம்பாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். '1' என்றால் சொம்பை நிரப்ப வேண்டும். '0' என்றால் கவிழ்த்துக் கொட்ட வேண்டும். விநாடிக்குக் கோடிக்கணக்கான தடவை நிரப்பி, கொட்டி, நிரப்பி... கொட்டுகிற ஒவ்வொரு தடவையும் செலவான உழைப்பு சூடாக மாறுகிறது. இதில் வோல்டேஜ் என்பது எவ்வளவு உயரத்துக்கு நிரப்புகிறோம் என்பது. உயரம் கூடினால் தண்ணீரின் அளவு கூடும், அந்தத் தண்ணீரை அந்த உயரத்துக்கு ஏற்றுகிற உழைப்பும் கூடும். அதாவது இரண்டு முனையிலும் அடி! வோல்டேஜை இரண்டு மடங்காக்கினால் சூடு நான்கு மடங்கு. மாற்றி யோசித்தால் லாபம்: வோல்டேஜை பத்து சதவிகிதம் குறைத்தால், இந்தக் கொட்டல்-நிரப்பலில் செலவாகும் மின்சாரம் பத்தொன்பது சதவிகிதம் குறைகிறது. வேகம் என்பது விநாடிக்கு எத்தனை தடவை நிரப்புகிறோம் என்பதுதானே? அதைத் தொடவே இல்லை.

இதன் உச்சக்கட்ட வேடிக்கை 1985-ல் நடந்தது. இங்கிலாந்தின் கேம்ப்ரிட்ஜில் ஏகார்ன் என்ற சின்ன கம்பெனி. ஸோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்ற இருவர் ஒரு சிப்பை வடிவமைக்கிறார்கள். விலை உயர்ந்த பீங்கான் உறை போட வசதியில்லை. பிளாஸ்டிக் உறைதான். பிளாஸ்டிக் உருகாமல் இருக்க வேண்டுமானால் சிப் ஒரு வாட்டுக்கு மேல் குடிக்கக் கூடாது. ஏப்ரல் 26-ம் தேதி முதல் சிப் வந்து சேர்ந்தது. போர்டில் பொருத்தினார்கள், ஓடியது. எவ்வளவு கரன்ட் எடுக்கிறது என்று மீட்டரை வைத்தால் பூஜ்யம்! மீட்டர் ரிப்பேரா? இல்லை. சிப்புக்குப் போகிற சப்ளை ஒயரே இணைக்கப்படவில்லை! மற்ற சிப்களிலிருந்து சிக்னல் வழியாகக் கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சிப்பின் பெயர் ஆர்ம். அதன் வாரிசுதான் இப்போது உங்கள் சட்டைப் பாக்கெட்டில் விசிறி இல்லாமல் இருக்கிறது.

இந்தப் பாடத்தைப் பெரிய வீட்டுப் பிள்ளைகள் கற்க இன்னும் இருபது வருடம் ஆயிற்று.

1993 மார்ச்சில் இன்டெல் பென்டியம் வந்தது. அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்து 'பென்டியத்தின் தந்தை' என்று பெயரெடுத்தவர் புனேயில் பிறந்த வினோத் தாம். முதல் பென்டியம் 5 வோல்ட்டில் ஓடியது, 16 வாட் வரை சூடு. இன்றைக்கு அது ஒன்றுமில்லை. அன்றைக்கு அடுப்பு! தலைமேல் ஹீட்சிங்க், அதன்மேல் விசிறி என்பது வழக்கமானது ஏறக்குறைய அப்போதுதான். மறு வருடமே 3.3 வோல்ட் பென்டியம் வந்தது. வேகம் 100 மெகாஹெர்ட்ஸாகக் கூடியது, சூடோ குறைந்தது.

இது எப்படி முடிந்தது? ஐ.பி.எம்-மில் ராபர்ட் டென்னார்ட் என்று ஒருவர். கம்ப்யூட்டரின் நினைவகச் சிப்பைக் கண்டுபிடித்தவர். 2024-ல்தான் காலமானார். அவர் 1974-லேயே ஒரு கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். டிரான்சிஸ்டரை எவ்வளவு சிறிதாக்குகிறீர்களோ அதே விகிதத்தில் வோல்டேஜையும் குறைத்துக்கொண்டே வந்தால், ஒரே இடத்தில் எத்தனை டிரான்சிஸ்டரைத் திணித்தாலும் அந்த இடத்தின் சூடு கூடாது. முப்பது வருடம் தொழில் முழுக்க அந்தக் கணக்கில்தான் ஓடியது. 5, 3.3, 2.8, 2, 1.5... வோல்டேஜ் இறங்கிக்கொண்டே வந்தது.

ஒரு வோல்ட் பக்கத்தில் வந்ததும் வண்டி நின்றுவிட்டது. அதற்குக் கீழே போனால் டிரான்சிஸ்டர் 'ஆஃப்' என்றாலும் முழுசாக ஆஃப் ஆவதில்லை. சரியாக மூடாத குழாய் மாதிரி ஒழுகுகிறது. வோல்டேஜ் இறங்கவில்லை, ஆனால் கம்பெனிகள் வேகத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போயின. விளம்பரத்தில் மெகாஹெர்ட்ஸ்தானே விற்கும்?

2001 பிப்ரவரியில் சிப் வல்லுநர்கள் மாநாடு ஒன்றில் இன்டெல்லின் பேட் கெல்ஸிங்கர் வெளிப்படையாகவே எச்சரித்தார். 'இப்படியே போனால் சில வருடங்களில் சிப்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் அணு உலையின் சூடு, அதற்கப்புறம் ராக்கெட்டின் வால் சூடு, அதற்கும் அப்புறம் சூரியனின் மேற்பரப்புச் சூடு' என்று. சொன்னவர் கம்பெனியின் பெரிய தலை. ஆனாலும் கம்பெனி கேட்கவில்லை. 2004 தொடக்கத்தில் வந்த 'ப்ரெஸ்காட்' என்ற பென்டியம்-4 நூறு வாட்டைத் தாண்டியது. நம் பழைய குண்டு பல்பு ஒன்றை விரல்நகமளவு இடத்துக்குள் அமுக்கி வைத்ததற்குச் சமம். அதே வருடம் மே மாதம், அடுத்த மாடலான 'தேஜஸ்' கைவிடப்பட்டது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம்-4-ம் ரத்து. அந்த மாதம் ஒரு மாநாட்டு மேடையில் இன்டெல் தலைவர் க்ரெய்க் பேரட் விளையாட்டாக முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டார். விளையாட்டுதான். ஆனால் உலகத்தின் மிகப் பெரிய சிப் கம்பெனி சூட்டின் முன்னால் மண்டியிட்ட காட்சி என்று அதை எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

கம்பெனியைக் காப்பாற்றியது இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் இருந்த அதன் லேப்டாப் குழு. அவர்கள் மெகாஹெர்ட்ஸ் பந்தயத்தில் சேராமல், குறைந்த வேகத்தில் அதிக வேலை வாங்குகிற 'பென்டியம்-எம்' சிப்பை 2003 மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தார்கள். பிறகு வந்த சிப்கள் எல்லாம் அந்த வழியில்தான் போயின. லேப்டாப்காரர்களுக்கு ஏன் முதலில் புத்தி வந்தது? அவர்களுக்குத்தான் தொடை சுட்டது!

வோல்டேஜைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும் யோசனையும் லேப்டாப்பில்தான் வந்தது. 2000 ஜனவரியில் இன்டெல் 'ஸ்பீட்ஸ்டெப்' கொண்டுவந்தது. கரன்ட்டில் இருந்தால் 650 மெகாஹெர்ட்ஸ், 1.6 வோல்ட். பேட்டரியில் ஓடினால் 500 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட். அதே மாதம் கலிஃபோர்னியாவின் டிரான்ஸ்மெட்டா என்ற புதுக் கம்பெனி இன்னும் நுணுக்கமாக இதைச் செய்து காட்டியது. லினக்ஸ் புகழ் லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது அங்கேதான் வேலை பார்த்தார். கம்பெனி பிழைக்கவில்லை, யோசனை பிழைத்துக்கொண்டது.

மனிதர்கள் சும்மா இருப்பார்களா? 'கம்பெனி குறைக்கிற அளவு போதாது, நாங்களே குறைக்கிறோம்' என்று சிலர் பென்டியம்-எம் காலத்திலேயே கிளம்பிவிட்டார்கள். குறைக்க இடம் இருந்தது. ஏனென்றால் கல்யாண வீட்டுச் சமையல்காரர் நானூறு பேருக்கு ஐந்நூறு இலைக்குச் சமைப்பார் அல்லவா, சிப் கம்பெனியும் அப்படித்தான். ஒரே அச்சில் வார்த்த சிப்களில் சில கெட்டிக்காரச் சிப்கள், சில மந்தம். ஒவ்வொன்றும் எவ்வளவு குறைவில் ஓடும் என்று கடைசி வரை தட்டித் தட்டிப் பார்க்க நேரம் ஏது? தப்பில்லாமல் ஓடுகிற அளவு வோல்டேஜை வைத்து, அதற்கு மேலும் கொஞ்சம் ஜாக்கிரதைக்குச் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். உங்களுக்கு வந்தது கெட்டிக்காரச் சிப்பாக இருந்தால் மிச்ச இலைகள் உங்களுக்கு லாபம்.

உடையார்பாளையம் வீட்டுத் திண்ணையில் அந்தப் பையன் எனக்கு எடுத்துக் கொடுத்தது இந்த மிச்சத்தைத்தான். ஒரு சின்ன மென்பொருளைப் போட்டான். முதலில் 50 மில்லிவோல்ட் குறைத்தான். ஒரு வோல்ட்டில் இருபதில் ஒரு பங்கு. கால் மணி நேரம் லேப்டாப்பைக் கசக்கிப் பிழிந்தான். ஒன்றும் ஆகவில்லை. 80 குறைத்தான். அதுவும் சரி. 110-க்குப் போனபோது திரை நீலமாகி, லேப்டாப் மயங்கி விழுந்தது. நான் பதறிவிட்டேன்.

''ஒண்ணும் ஆகாது சித்தப்பா. அதிகமாக் குடுத்தாத்தான் எரியும். கொறச்சா மயக்கம்தான் வரும். எந்திரிச்சிடும்.''

எழுந்தது. 80-லேயே நிறுத்தினான். 90 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்த சூடு எழுபதுகளுக்கு இறங்கியது. விசிறி நின்றுவிடவில்லை, ஆனால் மாவு மில் தையல் மெஷினாகிவிட்டது. தெருவில் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்த தறியின் சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது.

பெரியப்பாவுக்கு இதில் ஒரு விஷயம் நினைவுக்கு வந்துவிட்டது. ''இந்த ஊருக்குச் சத்தம் புதுசில்லப்பா'' என்று ஆரம்பித்தார். உடையார்பாளையம் ஜமீனில் ஆஸ்தான வித்வானாக இருந்தவர் கனம் கிருஷ்ணையர். அடிவயிற்றிலிருந்து இடி மாதிரிப் பாடுகிற 'கனமார்க்கம்' என்ற முறையில் தேர்ந்தவர். அதனால்தான் பெயருக்கு முன்னால் 'கனம்'. உ.வே.சாமிநாதையரின் அப்பா அவரிடம் சங்கீதம் கற்றவர். உ.வே.சா-வே அவரைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். மைக் இல்லாத காலத்தில் அடிவயிற்றுப் பலம் தேவைப்பட்டது, பிறகு மைக் வந்ததும் அடங்கிப் பாடினாலே போதும் என்றாகிவிட்டது என்று பெரியப்பா முடித்தார். ஒப்பீடு சரியா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ரசித்தேன்.

அதே பெரியப்பா இன்னொன்றும் சொன்னார், இது ரசிக்கிற விஷயமில்லை. பக்கத்தில் ஜெயங்கொண்டத்தைச் சுற்றிப் பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது. அதை வைத்து அனல் மின்நிலையம் கட்டப்போவதாகத் தொண்ணூறுகளில் கிராமம் கிராமமாக நிலம் எடுத்தார்கள். மின்நிலையம் வரவில்லை. நிலக்கரி மேல் உட்கார்ந்துகொண்டு அவர் விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

மூன்றரை வருடம் லேப்டாப் சமர்த்தாக இருந்தது. பிறகு 2019 டிசம்பரில் ஒரு செய்தி வந்தது. பர்மிங்ஹாம், ஆஸ்திரியாவின் கிராஸ், பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 'ப்ளண்டர்வோல்ட்' என்ற ஒரு தாக்குதலைச் செய்து காட்டினார்கள். இன்டெல் சிப்புக்குள் ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கிற ஒரு கஜானா உண்டு. ஆப்பரேட்டிங் சிஸ்டம்கூட உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. இவர்கள் எட்டிப் பார்க்கவே இல்லை. கஜானாவுக்குள் கணக்கு நடந்துகொண்டிருக்கும்போது சரியான நேரம் பார்த்து வோல்டேஜைத் தேவைக்குக் கீழே இறக்கினார்கள். சிப் மயங்கி விழுகிற அளவுக்கு அல்ல, ஒரு பெருக்கலைத் தப்பாகப் போடுகிற அளவுக்கு மட்டும். அந்தத் தப்பான விடையிலிருந்து ரகசியச் சாவியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! தப்பான விடை ஒன்று கிடைத்தாலே சில பூட்டுகளை உடைக்கலாம் என்று பெல்கோர் ஆராய்ச்சியாளர்கள் 1996-லேயே சொல்லியிருந்தார்கள்.

இதைச் செய்ய, திருடனுக்கு ஏற்கெனவே அந்தக் கம்ப்யூட்டரின் முழு அதிகாரமும் கையில் இருக்க வேண்டும். வீட்டில் கட்டுரை எழுதுகிற என்னைப் போன்றவர்களுக்கு இதனால் பெரிய ஆபத்து இல்லை. ஆனாலும் இன்டெல் வோல்டேஜ் பிடியைப் பூட்டுவதற்கு அப்டேட் வெளியிட்டது. லேப்டாப் கம்பெனிகள் பலவும் அதை அப்படியே தங்கள் பயாஸ் அப்டேட்டில் போட்டு அனுப்பிவிட்டன. வேண்டுமென்றால் திறந்துகொள் என்று உரிமையாளரிடமே ஒரு சாவி கொடுத்திருக்கலாம். சில மாடல்களில் கொடுத்தார்கள். பலவற்றில் இல்லை. பணம் கொடுத்து வாங்கியவனின் கையைக் கட்டிவிட்டு 'உன் பாதுகாப்புக்குத்தான்' என்பது எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை.

ஜனவரியில் பையனிடமிருந்து வாட்ஸ்அப்: 'சித்தப்பா, பயாஸ் அப்டேட் கேட்டா போட்டுடாதீங்க.' நான் முந்தின நாள்தான் போட்டிருந்தேன். தையல் மெஷின் மறுபடி மாவு மில்லாகியிருந்தது.

அதே வருடம் நவம்பரில் ஆப்பிள், விசிறியே இல்லாத மேக்புக் ஏர் ஒன்றை எம்-1 சிப்போடு விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிளாஸ்டிக் உருகக் கூடாதே என்று பயந்து செய்த அந்த கேம்ப்ரிட்ஜ் சிப்பின் வம்சம்தான் எம்-1. இன்னொரு பக்கம் 2024-ல், இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் பல திடீர் திடீரென்று மயங்கி விழ ஆரம்பித்தன. இது எழுந்துகொள்ளாத மயக்கம். சிப் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தன்னைத்தானே அரித்துக்கொண்டது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் 1.55 வோல்ட்டுக்கு மேல் போகாமல் தடுக்கிற அப்டேட் கொடுத்து, வாரன்ட்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. 'அதிகமாக் குடுத்தாத்தான் எரியும்' என்று டிப்ளமோ பையன் சொன்னது ஞாபகம் வந்தது.

அவனுக்கு இப்போது ஜெயங்கொண்டத்தில் சொந்தக் கடை. போன தடவை போனபோது ஒரு டீச்சரம்மா லேப்டாப்பைக் கொண்டுவந்து, ''இதுல வோல்டேஜைக் கொறைக்கலாமாமே தம்பி?'' என்று கேட்டார்.

''பார்க்கலாம்க்கா, பூட்டியிருக்கான்னு தெரியல'' என்றவன், பின்மூடியைக் கழற்றி, ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் விசிறியைத் துடைத்தான். உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி பஞ்சு வந்தது.

''முதல்ல இது'' என்றான்.